பதினான்காம் எண் வேன் அருவிக்குப் போகாத புதன்கிழமை

என் பெயர் வெர்னிஸ் தூலோன். வயது நாற்பத்து மூன்று. தகப்பனார் காலஞ்சென்ற அல்ஃபோன்ஸ் தூலோன். டொமினிக்கா தீவில் பாய்ண்ட் லாரோஷ் கிராமத்தில், தேவாலயத்துக்கு மேலே பச்சை வர்ணம் அடித்த வீட்டில் வசித்து வருகிறேன். சொந்த வேன் வைத்து, கப்பலில் வந்து இறங்கும் பயணிகளுக்குத் தீவைச் சுற்றிக்காட்டும் தொழில் செய்கிறேன். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் இல்லை. இந்த வாக்குமூலத்தை ரோஸோ காவல் நிலையத்தில் சார்ஜண்ட் எஸ்ப்ரி அவர்கள் முன்னிலையில் வியாழக்கிழமை காலையில் கொடுக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. கொஞ்சம் நிதானமாகச் சொல்லும்படி சார்ஜண்ட் கேட்டுக்கொண்டார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

கப்பல் நிறுவனத்தின் உள்ளூர் முகவர் கொடுத்த புகாரில் என் மீது இரண்டு குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன. பயணிகள் பதினோரு பேரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்தேன் என்பது ஒன்று. பணியில் இருந்த கப்பல் ஊழியர் ஒருவரைக் கன்னத்தில் அறைந்தேன் என்பது இன்னொன்று. அறைந்தது உண்மை. பிடித்து வைத்ததாகச் சொல்வதைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். கப்பலின் பெயர் புகாரில் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளவும். அதை என் வாயால் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

என் தாயார் யூடோரா தூலோன் இந்த மாதத் தொடக்கத்தில் மாரடைப்பால் இறந்துபோனார். எங்கள் தீவில் ஒருவர் இறந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை ஆஸ்பத்திரிக் குளிரறையில் வைத்திருப்பது வழக்கம். இது சார்ஜண்டுக்குத் தெரியும், புகார் கொடுத்தவருக்குத் தெரியாது என்பதால் எழுதச் சொல்கிறேன். பிள்ளை லண்டனில் இருந்தால் விமானத்துக்குக் காத்திருப்போம். என் தம்பி கெஸ்டர் மேற்படி கப்பலில் உணவு பரிமாறும் வேலையில் இருக்கிறான், ஆகவே நாங்கள் கப்பலுக்குக் காத்திருந்தோம். அந்தக் கப்பல் சீசனில் புதன்கிழமைதோறும் ரோஸோ துறைக்கு வரும். அவனுடைய மேலதிகாரி அந்தப் புதன்கிழமை அவனைக் கரையில் இறங்க விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அடக்கத்துக்கு நாள் வைத்தோம். கப்பல் நாளில் சாலை முழுக்க வேனாக இருக்கும், யாராவது அன்றைக்கு அடக்கம் வைப்பார்களா என்று பாதிரியார் கடிந்துகொண்டார். நான்தான் விடாப்பிடியாக நின்றேன். வானொலியில் மரண அறிவிப்பும் படித்தாயிற்று. மகள் வேன் ஓட்டும் வெர்னிஸ், மகன் கப்பலில் இருக்கும் கெஸ்டர் என்று இரண்டு பேர் பெயரும் தீவு முழுக்கக் கேட்டது.

கெஸ்டர் அந்தக் கப்பலில் சேர்ந்த பிறகு சொந்த ஊர் மண்ணை மிதிக்கவே இல்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். கப்பல் கரையில் நிற்கும்போது, தீ விபத்து ஏதாவது நடந்தால் சமாளிக்க ஊழியர்களில் ஒரு பகுதி உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த முறை எப்படியோ எங்கள் ஊர் வரும்போதெல்லாம் அவன் தலையில் வந்து விழும். அம்மா ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு துறை வாசலுக்கு வந்து கம்பி வேலிக்கு வெளியே நிற்பாள். குடும்பத்தாரை உள்ளே விடமாட்டார்கள். அவன் கப்பலின் பக்கவாட்டில் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே உள்ள ஒரு திறப்பில் வந்து கையை ஆட்டுவான், இவள் கைக்குட்டையை ஆட்டுவாள். அவ்வளவுதான் அம்மாவும் மகனும். அதே வாசல் வழியாகப் பயணிகள் அரைக்கால் சட்டையும் ஐஸ்கிரீமுமாகப் போய் வந்துகொண்டு இருப்பார்கள்.

அதன் பிறகு அடக்க நாள் காலையில் நான் கறுப்பு உடை உடுத்திக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். தாயின் அடக்க நாளில் ஏன் வேலைக்குப் போனாய் என்று முகவர் கேட்கிறார். கப்பலின் சுற்றுலாவுக்கு அமர்த்தப்பட்ட வேனைத் தவிர வேறு வண்டி துறைக்குள் போக முடியாது. தம்பியைக் கப்பல் படிக்கட்டிலேயே ஏற்றிக்கொண்டு, என் வேனையும் பயணிகளையும் போனிஃபாஸ் என்ற சக ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, துறைக்கு வெளியே நிற்கும் அவனுடைய காரில் நாங்கள் இருவரும் ஊருக்குப் போவது என்று ஏற்பாடு. அதற்காகத்தான் போனேன்.

அதன் பிறகு பயணிகள் இறங்கினார்கள். கெஸ்டர் இறங்கவில்லை. படிக்கட்டில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். அவர் உள்ளே பேசினார். வெள்ளைச் சட்டை போட்ட பெண் அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார், சட்டையில் ஹால்வர்சன் என்று பெயர் இருந்தது. கெஸ்டரின் மேலதிகாரி அவர்தான்.

"கெஸ்டர் இன்னிக்கு இறங்க முடியாதும்மா. உள்ள இருக்க வேண்டியவங்கள்ல ஒருத்தருக்கு வயித்துப்போக்கு. அந்த இடத்துக்கு கெஸ்டரப் போட வேண்டியதாப் போச்சு."

"இன்னிக்கு அவனோட அம்மாவுக்கு அடக்கம். விடறேன்னு சொன்னதே நீங்கதான்."

அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா அடுத்த புதன்கிழமையும் நாங்க வருவோமே. அப்ப வெச்சுக்க முடியாதா?"

இந்த வாக்கியத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் கேலி செய்யவில்லை. உண்மையாகவே எனக்கு ஒரு வழி சொல்வதாகத்தான் நினைத்தார். மழை வந்தால் படகுச் சவாரியைத் தள்ளிவைக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. கேலி செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அதன் பிறகு கெஸ்டர் கைபேசியில் என்னைக் கூப்பிட்டான். தண்ணீருக்கு மேலே உள்ள அந்தத் திறப்பில் நின்றுகொண்டு பேசினான், எனக்கு அவன் தலை தெரிந்தது.

"அக்கா, அங்க நின்னு சண்டை போடாத. உன் கால்ல விழறேன். நீங்க பண்ணிடுங்க. மேல்தளத்துலேருந்து பாத்தா நம்ம ஊரு கல்லறை தெரியும். நான் அங்க நின்னு பாத்துக்கறேன்."

"மேல நின்னு பாக்க அம்மா என்ன டால்பினாடா?" என்று கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

இதற்குள் வேன்களில் ஆள் ஏற்றிவிடும் லெனாக்ஸ், பதினான்கு என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான். பதினான்கு என்று மார்பில் ஸ்டிக்கர் ஒட்டிய பயணிகள் என் வேன் முன்னால் வரிசையாக நின்றார்கள். போனிஃபாஸ் வந்து சாவிக்குக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. "நானே ஓட்டறேன். தம்பி வரல. அடக்கம் மத்தியானம்தான், அருவியக் காட்டிட்டுப் போயிக்கறேன்" என்றேன். அப்போது என் மனதில் இருந்ததும் அதுதான். எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தது என்று புகாரில் எழுதியிருப்பது பொய். ஒரு பயணி என் கறுப்பு உடையைப் பார்த்து, சீருடை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். நன்றி சொன்னேன்.

அதன் பிறகு வண்டியை எடுத்தேன். முட்டி வலி என்று திருமதி நோரீன் வாஷ்பர்ன் என்ற வயதான அம்மாள் முன்னிருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி, கலகலவென்று பேசுகிறவர். இந்தத் தீவுப் பையன் ஒருவன்தான் தன் மேஜைக்குப் பரிமாறுகிறான் என்றும், அவனைப்போல ஒருவனைப் பார்த்ததே இல்லை என்றும் ஆரம்பித்தார். பெயர் கெஸ்டர் என்றார்.

"நேத்து ராத்திரி கேட்டேன், நாளைக்கு உங்க ஊராச்சே, அம்மாவப் பாப்பியான்னு. ஆமாம்மா, எனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்கன்னான். சொல்லிட்டு எனக்கு இன்னொரு துண்டு கேக்கும் கொண்டாந்து வெச்சான். தங்கமான பிள்ளை."

அவர் இதைச் சொல்லி முடித்தபோது வேன் முச்சந்திக்கு வந்திருந்தது. இடது கைப் பக்கம் திரும்பினால் அருவி, வலது கைப் பக்கம் எங்கள் ஊர். நான் வலது பக்கம் திருப்பினேன். எந்த நேரத்தில் முடிவு செய்தேன் என்று கேட்டால் அந்த நேரத்தில்தான். அம்மா குளிரறைப் பெட்டியில் காத்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு பின்னால் இருந்து ஒருவர், பெயர் கார்ல் பிரண்டிஜ், கைபேசி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, அருவி அந்தப் பக்கம்ல இருக்கு?" என்று கேட்டார். இன்றைக்கு அருவி இல்லை என்றேன். வேறு எதைக் காட்டப்போகிறீர்கள் என்றார். ஊரைக் காட்டுகிறேன் என்றேன். மற்றவர்களுக்கு அதில் சந்தோஷம்தான். உண்மையான கிராமம், கடைகண்ணி இல்லாதது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கச் சொல்லி, அவர்களிடம் நான் சொன்னது இதுதான். இன்றைக்கு என் அம்மாவுக்கு அடக்கம். கப்பலில் உங்களுக்குப் பரிமாறும் கெஸ்டர் என் தம்பி. அவனை இறக்க மறுத்துவிட்டார்கள். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் போனால், எவ்வளவு தாமதமானாலும் உங்களை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கையாவது காப்பாற்றுகிறார்களா பார்ப்போம். என் தம்பி இந்தக் கல்லறையில் வந்து நின்ற பிறகு உங்களைக் கொண்டுபோய் விடுகிறேன்.

திருமதி வாஷ்பர்ன் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பிரண்டிஜ் என்னை நெருங்கி வந்து, "இது ஆள் கடத்தல், தெரியுமா உனக்கு?" என்றார். வேன் கதவு திறந்தே இருக்கிறது, ரோஸோவுக்குப் போகும் ஊர் பஸ் அந்த மரத்தடியில் நிற்கும், கையைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள் என்று சொன்னேன். அவர் மரத்தடிவரைக்கும் போனார். பஸ்ஸும் வந்தது. பஸ் ஓட்டுநர் வாசலில் நின்று இவரை வா என்று கூப்பிட்டார். இவர் தன் மார்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். சுற்றுலாவை விட்டுத் தானாகப் போனால் அவர் ஸ்டிக்கர் பயணி இல்லை, ஊர் சுற்றப் போன ஆள். அப்படிப்பட்டவர் வந்து சேராவிட்டால் கப்பல் ஒரு நிமிஷம்கூடக் காத்திராது. பஸ் போய்விட்டது, அவர் திரும்பி வந்து மதில்மேல் உட்கார்ந்தார். நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை. அவர்களைப் பிடித்து வைத்தது அவர்கள் மார்பில் ஒட்டியிருந்த அந்தக் காகிதம். அதை ஒட்டியது நான் இல்லை.

அதன் பிறகு என் சின்னம்மா ஃபீலோ, அதாவது அம்மாவின் தங்கை, கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "அருவி பாக்க வந்தவங்கள இழவு பாக்க வெச்சிட்டியேடி பாவி" என்று என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே, வந்த பதினோரு பேருக்கும் பொரித்த ரொட்டி, உப்பு மீன், சூடான கோகோ எல்லாம் கொண்டுவரச் சொன்னாள். துக்க வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. புதுமணத் தம்பதியர் இருவர் இரண்டாவது தடவையும் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். கட்டாயத்தின் பேரில் உணவு உட்கொள்ள நேர்ந்தது என்று புகாரில் ஒரு வரி இருக்கிறது. இன்று காலை இங்கே அதைப் படித்தபோது கூட வந்திருந்த சின்னம்மா கெட்ட வார்த்தை சொன்னாள், அதை எழுத வேண்டாம்.

அதன் பிறகு தேவாலயத்தில் பூசை நடந்தது. பயணிகளில் பாதிப் பேர் உள்ளே வந்து பின்வரிசையில் நின்றார்கள். பிரண்டிஜ் வெளியே நின்றார். பூசை முடிந்து சவப்பெட்டியை மேட்டில் உள்ள கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். குழிக்கு மேல் குறுக்காகப் பலகை போட்டுப் பெட்டியை அதன்மேல் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கப்பல் தெரியும். கெஸ்டர் சொன்னது சரிதான், கப்பலிலிருந்து பார்த்தால் இந்தக் கல்லறையும் தெரியும். ஆனால் எங்களுக்கு அங்கே மனிதர் யாரும் தெரியவில்லை, வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரிந்தது.

லெனாக்ஸ் என்னைக் கைபேசியில் கூப்பிட்டான். "பதினாலு எங்க இருக்கு?"

"கல்லறையில."

"வெளையாடாத வெர்னிஸ். இங்க எல்லா வேனும் வந்தாச்சு. அந்த வெள்ளச் சட்டைக்காரம்மா என் கழுத்த நெரிக்குது."

"எம் தம்பிய அனுப்பச் சொல்லு. அடுத்த நிமிஷம் வண்டிய எடுக்கறேன்."

அதன் பிறகு ஹால்வர்சன் பேசினார். போலீசுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சொல்லுங்கள், எங்கள் ஊர் போலீஸ்காரர்களுக்கும் அம்மா உண்டு என்று பதில் சொன்னேன். அன்றைக்குக் காவல் நிலைய ஜீப்பின் டயர் பஞ்சர் ஆகி, வெகுநேரம் சரிசெய்ய முடியாமல் போனதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

பாதிரியார் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். சொந்தக்காரர்கள் மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். தூறல் போட ஆரம்பித்தது. கப்பல் ஊதியது. ஊதலைக் கேட்டவுடன் பயணிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். அப்போது எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனாலும் நான் நகரவில்லை.

அதன் பிறகு முகவரின் கார் மேட்டுச் சாலையில் ஏறி வந்தது. கப்பலின் காவலாளி ஒருவன் இறங்கினான். அவனுக்குப் பின்னால் கெஸ்டர் இறங்கினான். கப்பலில் போடும் வெள்ளை மேலங்கி, மார்பில் அவன் பெயரும் நாட்டின் பெயரும் பொறித்த தகடு. அவனை அழைத்து வரக் காரணம், அவன் ஊர் ஆள், பயணிகளின் முகம் தெரிந்தவன், எண்ணி ஏற்றி வருவதற்கு வசதி என்பது. பெற்ற தாயைப் புதைக்க இறங்க முடியாதவன், பதினோரு பேரை எண்ணுவதற்கு இறங்க முடிந்தது. வயிற்றுப்போக்குக்காரனுக்கு அதற்குள் சரியாகிவிட்டது போலிருக்கிறது. அப்படியும் நான் என் மனதுக்குள், பரவாயில்லை, எப்படியோ வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

கல்லறை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. பெட்டி அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. சின்னம்மா கையை நீட்டிக்கொண்டு அவனை நோக்கிப் போனாள். அவன் எங்கள் யாரையும் பார்க்காமல் பயணிகள் பக்கம் திரும்பி, "வணக்கம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப மன்னிக்கணும். மழைக்கு முன்னாடி போயிடலாமா?" என்றான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கி, வேனைக் காட்டினான். திருமதி வாஷ்பர்னுக்குப் படியிறங்கக் கையைக் கொடுத்தான். காவலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் போய், "டேய், அம்மா அங்க இருக்கா" என்றேன்.

"தெரியுதுக்கா. இவங்கள முதல்ல ஏத்திடலாம். நான் இங்க நிக்கக் கூடாது, எண்ணி ஏத்தத்தான் அனுப்பியிருக்காங்க. வேல போயிடும்க்கா."

"ரெண்டடிடா. ஒரு பிடி மண்ணு."

"எதுக்குக்கா இப்படிப் பண்ணுன? நான் கேட்டனா?" என்றான், உதட்டை அசைக்காமல், பயணிகளுக்குக் கேட்காத குரலில். அதே சமயம் பிரண்டிஜ் பக்கத்தில் வர, அவரைப் பார்த்து, "பார்த்து வாங்க சார், வழுக்கும்" என்றான். அப்போதுதான் அறைந்தேன். புகாரில் சொல்லும் ஊழியர் அவன்தான். அவன் பிறந்தபோது எனக்குப் பத்து வயது, அவனைத் தூக்கி வளர்த்த கை அது. அவன் பணியில் இருந்தானா என்று கேட்டால், இருந்தான். அதனால்தான் அறைந்தேன்.

அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. "அடிச்சது போதும்க்கா. வண்டிய எடு" என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் அம்மாவைப் பற்றிய துக்கத்தைவிட வேலையைப் பற்றிய பயம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்மேல் புகார் கொடுக்க இந்த நிலையத்தில் ஏதாவது வழி இருந்தால் சார்ஜண்ட் எனக்குச் சொல்லட்டும். அதன் பிறகு நான் சாவியை எடுத்தேன். தம்பி கல்லறையில் வந்து நின்ற பிறகுதான் வண்டியை எடுப்பேன் என்று சொன்னவள், அவன் வாசலைத் தாண்டாமலே எடுத்தேன். சின்னம்மா பின்னால் இருந்து, "மூட மாட்டோம்டா! நீ வர்ற வரைக்கும் குழிய மூட மாட்டோம்" என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். தாமதமாக வரும் பயணிகளைக் கப்பலில் இருப்பவர்கள் தளத்தில் நின்று கைதட்டி, விசில் அடித்து வரவேற்பது அவர்களிடையே ஒரு வேடிக்கை. அன்றைக்கு எல்லாத் தளங்களும் நிறைந்திருந்தன. கையில் கோப்பைகளோடு ஆரவாரம் செய்தார்கள், படம் எடுத்தார்கள், பாட்டு அதிர்ந்தது. எங்கள் செருப்பில் கல்லறைச் சேறு இருந்தது. பயணிகள் ஒவ்வொருவராக அட்டையைக் காட்டி ஏறினார்கள். திருமதி வாஷ்பர்ன் கெஸ்டரின் கையைப் பிடித்து, மடித்த டாலர் நோட்டு ஒன்றை அதில் வைத்து மூடிவிட்டு, அழுதுகொண்டே ஏறினார். அவருக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை, அவரை நான் குறை சொல்லவில்லை. கெஸ்டர், "ரொம்ப நன்றிம்மா, மிச்சப் பயணம் நல்லா அமையட்டும்" என்றான்.

கடைசியாக அவன் தன் அட்டையை நீட்டினான். காவலாளி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அவனுடைய துணிப்பெட்டி ஏற்கெனவே இறக்கிக் கயிறு கட்டும் தூணுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே. அவன் கல்லறை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோதே யாரோ அவன் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஹால்வர்சன் படிக்கட்டின் பாதிவரை இறங்கி வந்து, குடும்பத்தார் செய்த காரியத்தால் நிறுவனத்தின் நற்பெயர் கெட்டது என்றும், சொந்த ஊரிலேயே வேலையிலிருந்து விலக்கிவிடுவது அவனுக்கும் வசதிதானே, விமானம் ஏற வேண்டியதில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு படிக்கட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மேலே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்காகத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் கப்பலைப் பார்த்துக் கத்திய வார்த்தைகள் புகாரில் உள்ளபடி சரி. அதில் இரண்டு விட்டுப்போயிருக்கின்றன, லெனாக்ஸிடம் கேட்டால் சொல்வான்.

அதன் பிறகு கெஸ்டரையும் அவன் துணிப்பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். வழியில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மேட்டில் ஏறியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பாதிரியார் போய்விட்டார். சின்னம்மாவும் சொந்தக்காரர்களும் தார்ப்பாய் ஒன்றைச் சவப்பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றிருந்தார்கள். குழி மூடவில்லை.

"தெறந்து காட்டுங்கடா அவனுக்கு" என்றாள் சின்னம்மா. மூடியைத் தூக்கினார்கள். அவன் குனிந்து பார்த்தான். "மெலிஞ்சிட்டாளேக்கா" என்றான். காலையிலிருந்து அவன் பேசியதில் எனக்காகப் பேசியது அது ஒன்றுதான். பிறகு வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே மண்வெட்டியை வாங்கினான். பெட்டியைக் குழியில் இறக்கியதும் மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். மண்வெட்டியை மாற்றிக்கொள்ள எத்தனை பேர் கேட்டும் கொடுக்கவில்லை.

அப்போதுதான் காவல் நிலைய ஜீப் வந்தது. சார்ஜண்ட் எஸ்ப்ரி இறங்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழி மூடும்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி ஜீப்புக்குள் போட்டுவிட்டு, அங்கே கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கெஸ்டருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அவர் ஒருவரைத்தான் கெஸ்டர் தடுக்கவில்லை. மூடி முடித்த பிறகு என்னை அழைத்துக்கொண்டு வந்தார். இந்தப் பகுதி வழக்குக்குத் தேவையில்லை, வேண்டாம் என்று இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதே சொல்கிறார். தேவை, எழுதுங்கள் என்று நான் சொல்லி, எழுதப்பட்டது.

நான் வருத்தம் தெரிவித்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக முகவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பிக்கு நான் தேடிக்கொடுத்த நஷ்டத்துக்கு வருத்தப்படுகிறேன், அதை அவனிடம் சொல்லிக்கொள்கிறேன். பதினோரு பேரும் அருவியைப் பார்க்காமல் போனதற்குக்கூட வருத்தப்படலாம், அருவி நன்றாகத்தான் இருக்கும். கப்பலுக்குத் தெரிவிக்க என்னிடம் வருத்தம் எதுவும் இல்லை.

இவ்வளவும் நானாகச் சொன்னது, நடந்தது நடந்தபடி சொன்னது. எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் கோபம் என்று சொன்ன இடத்தில் மனவருத்தம் என்று எழுதியிருந்ததை அடித்துத் திருத்தச் சொன்னேன். திருத்திய பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னிஸ் தூலோன்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. அடித்தல் திருத்தல்கள் வாக்குமூலம் கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி என்னால் செய்யப்பட்டவை. அவை சரி.

(ஒப்பம்) சார்ஜண்ட் எஸ்ப்ரி